ஐந்தாம் தூணின் அளவு

அளவுகோல் இல்லாமல் கரும்பலகையில் நேர்கோடு போட எனக்கு வரும். பதினெட்டு வருட வாத்தியார் வேலையில் மாணவர்கள் என்னைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான். மற்றபடி, வகுப்பில் தூக்கம் வரவழைப்பவன் என்று பெயர். சுரங்கப் பொறியியல் அப்படிப்பட்ட பாடம். அதில் சிரிக்க வைக்க ஒன்றும் இல்லை.

என் பெயர் பச்சியப்பன். ஊர் அதியமான்கோட்டை. எங்கள் குடும்பத்தில் எல்லோரும் நிலத்தை உழுதவர்கள். நான் ஒருவன்தான் நிலத்துக்கு அடியில் இருப்பதைப் படிக்கப் போனேன். வடக்கே படித்துவிட்டு 1931-ல் சென்னையில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளனாகச் சேர்ந்தேன். கல்லூரியின் பெயரை இந்த வாக்குமூலத்தில் எழுத வேண்டாம். நடந்ததற்கும் கல்லூரிக்கும் சம்பந்தம் இல்லை.

என் ஆராய்ச்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது புரியாவிட்டால் மற்றது புரியாது. பாறையைக் குடைந்து உள்ளே போகிறவர்கள் எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட முடியாது. மேலே இருக்கும் முகட்டைத் தாங்குவதற்காக அங்கங்கே கொஞ்சம் பாறையைத் தூணாக விட்டுவைக்க வேண்டும். தூண் பருத்திருந்தால் நல்ல கல் வீண். மெலிந்தால் முகடு விழும். எவ்வளவு மெலிந்தால் விழும், விழுவதற்கு முன்னால் எவ்வளவு இறங்கும் என்பதுதான் என் கேள்வி. அதுவரை அதற்குச் சரியான பதில் இல்லை. மேஸ்திரிகள் காதால் கேட்டும் கையால் தட்டியும் பார்த்து ஊகித்தார்கள்.

1934-ல் முதல் கட்டுரையைத் துறைத்தலைவரிடம் கொடுத்தேன். வெள்ளைக்காரர், நல்ல மனிதர்தான். நான்கு மாதம் மேஜையில் வைத்திருந்துவிட்டு, "ஆய்வுக்கூடத்தில் கல்லை நசுக்கியதெல்லாம் மலையாகிவிடாது" என்றார். சரி என்று இரண்டு கோடை விடுமுறைகளைச் சுரங்கங்களிலேயே கழித்தேன். மலேரியா வந்தது. 1938-ல் மறுபடி கொடுத்தேன். இந்த முறை ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு எழுதித் திருப்பினார். முகடு இறங்கி விழுந்ததைக் கட்டுரை ஆசிரியர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை, ஆகவே வரைபடக் கோட்டின் கடைசிப் பகுதி வெறும் ஊகம் என்று இருந்தது.

அவர் சொன்னது உண்மை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பொய் என்றால் வாதாடியிருப்பேன். அந்தக் கோட்டை நானே வீட்டில் எத்தனையோ முறை வரைந்து பார்த்திருக்கிறேன். முக்கால் தூரம் புள்ளி புள்ளியாக ஏறிவரும். பிறகு வெறும் காகிதம்.

1941-ல் உதவிப் பேராசிரியர் பதவி காலியானது. என்னிடம் படித்த ஒருவனுக்குக் கொடுத்தார்கள். முதல் வாரம் அவன் என் அறைக்கு வந்து, "சார், உங்க நோட்ஸ் கொஞ்சம் கிடைக்குமா?" என்று கேட்டான். கொடுத்தேன். அதில் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. கோபம் இருந்தது என்று யாராவது சொன்னால் எழுதிக்கொள்ளாதீர்கள்.

யுத்தத்தில் சாணைச் சக்கரங்களுக்குக் குருந்தக்கல் நிறையத் தேவைப்பட்டது. பாப்பாரப்பட்டிக்கு மேற்கே ஒரு சின்னக் கரட்டுக் குன்றில் வெங்கடாசலம் என்பவர் அந்தக் கல்லைக் குடைந்து எடுத்துக்கொண்டிருந்தார். விஷயம் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும் என்று எனக்கு எழுதினார். 1943 ஏப்ரலில் விடுமுறை விட்டதும் போனேன்.

சின்னச் சுரங்கம். வாயிலிருந்து நாற்பது தப்படி உள்ளே போனால் ஒரு கூடம். அதில் ஆறு தூண்கள். மேல்பாறை வெயிலும் மழையும் குடித்து நொந்த பாறை. பார்த்த அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, இத்தனை வருடமாக நான் தேடியது இதுதான் என்று.

தூண்களில்தான் முதல்தரக் கல் இருக்கிறது, அவற்றைக் கொஞ்சம் சீவி எடுக்கலாம் என்று வெங்கடாசலத்திடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நீங்க படிச்சவுரு, நீங்க சொன்னா சரிதானுங்க" என்றார். அவர்மேல் குற்றம் இல்லை. கடைசிவரை அவருக்கு ஒன்றும் தெரியாது.

கூடத்தின் கோடியில் இருந்த ஐந்தாம் தூணைத் தேர்ந்தெடுத்தேன். ஒன்பதடிப் பருமன். அதை நாளுக்குக் கொஞ்சமாகச் சீவச் சொன்னேன். பக்கத்தில் தரைக்கும் முகட்டுக்கும் நடுவே ஒரு கழியை நிறுத்தினேன். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரட்டைக் கழி. முகடு இறங்கினால் மேல்கழி கீழ்க்கழிக்குள் போகும். எத்தனை நூல் இறங்கியது என்று பித்தளைத் தகட்டில் பார்த்துக்கொள்ளலாம்; எட்டு நூல் ஓர் அங்குலம். நானே செய்தது.

அதைப் படிக்கக் குள்ளன் என்பவனுக்குக் கற்றுக்கொடுத்தேன். வத்தல்மலைக்காரன், முப்பது வயது இருக்கும். அவனும் அவன் மனைவி சாலம்மாளும் அங்கே வேலை செய்தார்கள். அவன் உள்ளே வெட்டுவான், அவள் வாயருகே கல் பொறுக்குவாள். எண் தெரியாதவன் இரண்டே நாளில் கற்றுக்கொண்டான். அவன் உள்ளேயிருந்து குரல் கொடுப்பான், நான் சுரங்க வாயில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நேரத்தையும் எண்ணையும் எழுதுவேன். நான் ஏன் உள்ளே போகவில்லை என்று கேட்பீர்கள். நான் உள்ளே இருந்தால், எழுதியதை வெளியே கொண்டுவர ஆள் இருக்காது.

தூண் ஆறடிக்கு வந்தபோது மாது என்னிடம் வந்தான். அவன்தான் அங்கே மேஸ்திரி.

"அய்யா, அஞ்சாந் தூணுக்கிட்ட சத்தம் கேக்குதுங்க. கரகரன்னு பல்லக் கடிக்கிற மாதிரி. முட்டு கொடுத்துரலாங்களா?"

"எத்தனை முட்டு இருக்கு?"

"ஏற்கெனவே நாலு நிக்குதுங்க. இன்னம் நாலு போட்டா போதும்."

"இருக்கற நாலையும் எடுத்துடு" என்றேன். "பாறை உட்காருது. உட்காரும்போது சத்தம் வரத்தான் செய்யும்."

"என் அனுபவத்துல இப்பிடி உட்காந்து நான் பார்த்ததில்லீங்க" என்றான். பிறகு போய் எடுத்துவிட்டான். மரமுட்டு கனத்தில் பாதியை வாங்கிக்கொள்ளும். தூணின் அளவு பொய்யாகிவிடும். இதை அவனுக்கு விளக்கியிருக்கலாம். புரிந்திருக்காது.

அந்தத் தூண் நான்கரை அடியில் விழும் என்று கணக்குப் போட்டிருந்தேன். மே பதினெட்டு, காலை பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில். அன்று சந்தைக்குப் போகிறோம் என்று பாதிப் பேர் வேலைக்கு வரவில்லை. அதற்கு நான் தடை சொல்லவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் உள்ளே போனார்கள்.

அவர்களைத் தடுத்திருக்கலாமே என்று கேட்பது சுலபம். தடுத்தால் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் மாது அரைமணி நேரத்தில் முட்டு கொடுத்துவிடுவான். தூண் நின்றுவிடும். கோடு மறுபடியும் அதே முக்கால் தூரத்தில் நின்றுபோகும். இன்னொரு சுரங்கம், இன்னொரு கோடை, இன்னொரு பென்சில் குறிப்பு. எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது.

பத்து நாற்பதுக்குக் குள்ளன் "பத்தொம்பதுங்க" என்றான். எழுதினேன். அடுத்தது "இருவத்தாறுங்க." எழுதினேன். அதன் பிறகு முகடு விழுந்தது. வெளியே வந்த காற்றில் என் நாற்காலி சாய்ந்தது. நோட்டுப் புத்தகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

குள்ளன், செல்லன், காளி. மற்ற இருவரின் பெயர் விசாரணைக் கோப்பில் இருக்கும். மாது வெறுங்கையால் கல்லை இழுத்துக்கொண்டிருந்தான். நகம் பெயர்ந்து ரத்தம் வந்தபோதும் விடவில்லை. சாலம்மாள் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதிர்ச்சியில் அப்படி நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

விசாரணைக்கு வந்த அதிகாரி, முட்டுகளை எடுத்தது யார் என்று கேட்டார். மாது, "நாந்தாங்க எடுத்தேன், அய்யா சொன்னாருங்க" என்றான். என்னிடம் கேட்டார். சுரங்கத்தில் முட்டு மேஸ்திரியின் பொறுப்பு என்று சொன்னேன். எந்தப் பாடப்புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. அவனுக்குப் பதினெட்டு மாதம் தண்டனை கிடைத்தது. விடுதலையானதும் பெங்களூர்ப் பக்கம் போய்விட்டான் என்று கேள்வி.

கட்டுரை 1945-ல் வெளிவந்தது. புதிய துறைத்தலைவர் எழுந்து நின்று கைகொடுத்தார். அடுத்த வருடம் பேராசிரியர் ஆனேன். என் அட்டவணையை இப்போது நிறையச் சுரங்கங்களில் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். அதனால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், அதன் முன்னால் ஐந்து சின்ன எண் என்றிருப்பேன்.

ஆறு வருடம் கழித்து இப்போது ஏன் வந்தேன் என்றீர்கள். மனசாட்சி என்று எழுதிவிடாதீர்கள். இந்த வருடத் தொடக்கத்தில் என் பழைய மாணவன், அந்த நோட்ஸ் கேட்டவன், ஒரு சஞ்சிகையில் என் கட்டுரையைப் பற்றி எழுதினான். கடைசி இரண்டு அளவுகளுக்கும் நடுவே ஒரு நிமிஷம்கூட இல்லை, அத்தனை வேகமாக இறங்கும் முகட்டின் கீழே யாரும் நின்று படித்திருக்க முடியாது, ஆகவே கடைசி அளவு வெறும் ஊகம் என்று. மரியாதையாகத்தான் எழுதியிருந்தான். கல்லூரி என்னிடம் விளக்கம் கேட்டது. ஊகம் என்ற அதே சொல், பதினோரு வருடத்துக்குப் பிறகு.

சாட்சி ஒருத்தி இருந்தாள். வத்தல்மலைக்கு ஏறிப்போனேன். நடந்துதான் போக வேண்டும். சாலம்மாள் காட்டில் சாமை அறுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அரிவாளைக் கீழே வைத்தாள். அடையாளம் தெரிந்தது.

"அன்னைக்குக் குள்ளன் உள்ளேயிருந்து எண் சொன்னானே, உனக்குக் கேட்டதா?"

"கேட்டுதுங்க."

"ரெண்டு தரம் சொன்னானா?"

"ரெண்டு தரந்தாங்க."

"அதைத் தருமபுரிக்கு வந்து சர்க்கார் ஆபீசர்கிட்ட சொல்வியா?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எங்கூட்டுக்காரரு அந்த ரெண்டு நம்பருக்கும் நடுவுல ஒண்ணு கேட்டாரு. அதுக்கு நீங்க ஒண்ணு சொன்னீங்க. அதுவும் எனக்குக் கேட்டுதுங்க."

அவள் அறுத்த சாமையைக் கட்டத் தொடங்கினாள்.

"அன்னைக்கே விசாரணையில சொல்ல வந்தனுங்க. பொம்பள பேச்சு வேணாம்னு வெளிய நிறுத்திட்டாங்க. இப்ப எல்லாத்தையும் சொல்லலாம்னா வர்றனுங்க. அத வுட்டுட்டு நம்பர மட்டும் சொல்லுன்னா, நான் வரமாட்டனுங்க."

நியாயமான நிபந்தனை. பாதி சாட்சியை யாரும் ஏற்கமாட்டார்கள். சம்மதித்தேன். வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான். எனக்குப் பிறகு அவளைக் கூப்பிடுவீர்கள். அவள் சொல்லப் போவதை நானே சொல்லிவிடுகிறேன். இரண்டு பேச்சும் ஒத்துப்போவது நல்லது.

"பத்தொம்பதுங்க" என்று சொன்னதும் குள்ளன் அங்கிருந்தே கேட்டான்: "மண்ணு கொட்டுதுங்க வாத்தியாரே, முகடு இறங்குது. நாங்க வெளிய வந்துரட்டுங்களா?"

என் கையில் கடிகாரம் இருந்தது. வாயிலுக்கு நாற்பது தப்படி. ஓடினால் ஐந்து பேரும் வந்திருப்பார்கள். "இரு" என்றேன். "இன்னொரு தரம் பார்த்துச் சொல்லு."

மற்ற நால்வரும் அவனுக்காக நின்றார்கள் என்று நினைக்கிறேன். அவன் கழியிடம் திரும்பிப் போனான். குனிந்து பார்க்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் ஆயிற்று. பிறகு "இருவத்தாறுங்க" என்றான். குரலில் நடுக்கமே இல்லை. இருந்திருந்தால் அந்த அளவை நான் கட்டுரையில் சேர்த்திருக்கவே மாட்டேன்.