பூக்கவிட்ட நிலம்

பார்த்தீனியக் களையைப் பூப்பதற்கு முன்பே பிடுங்கிவிட வேண்டும், ஐயா. பூத்துவிட்டால் ஒரு காற்று போதும், ஊர் முழுக்க அதுதான்.

உத்தனப்பள்ளிப் பக்கம் எங்கள் ஊரில் அதை ஒழிக்கவென்றே ஒரு சங்கம் வைத்தோம். மழை பெய்து மண் இளகியதும், எல்லோரும் சேர்ந்து ஒவ்வொருவர் நிலமாக இறங்கிப் பிடுங்குவது, பிடுங்கியதைக் காயவைத்துக் கொளுத்துவது என்று பேச்சு. நான்தான் தலைவர். முதலில் கை தூக்கியவன் குருமூர்த்தி, என் மனைவி முனிலட்சுமியின் தம்பி. அந்தச் செடி பூத்தால் அவளுக்கு மூச்சு இழுக்கும்.

"அக்காவுக்காகவாவது ஒரு செடி உடமாட்டேன் மாமா" என்றான்.

முதல் வருடம் அவன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். அவன் நிலத்தில் நாங்கள்தான் குனிந்து பிடுங்கினோம். கையெல்லாம் அரித்துத் தடித்தது. யாரும் குறை சொல்லவில்லை.

அடுத்த மழைக்கு அவன் நிலம் மட்டும் வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடந்தது. போய்க் கேட்டேன்.

"பிளாட் போடறவங்கிட்ட பேசி முடிச்சுட்டேன் மாமா. அவன் ஜேசிபி உட்டு வழிச்சிக்குவான். நான் எதுக்குக் குனியணும்?"

"உங்கக்கா மூச்சு உட முடியாம கெடக்கறாடா."

"டவுனுல ஒரு வீடு பாரு மாமா" என்று சிரித்தான்.



கார்த்திகையில் முனிலட்சுமி போய்விட்டாள். சாவில் எல்லோரையும்விட அவன்தான் அதிகம் அழுதான். நான்தான் தேற்றினேன்.

மாசியில் அவன் நிலத்துச் செடி நன்றாகக் காய்ந்தது. காற்றில்லாத ஒரு காலையில் கொளுத்தினேன். வேறு யார் நிலத்துக்கும் ஒரு பொறி போகவில்லை, ஸ்டேஷனிலிருந்து வந்து நீங்களே பார்த்தீர்கள். நைட் ஷிஃப்ட் முடிந்தால் அவன் நிலத்து மோட்டார் கொட்டகையில்தான் தூங்குவான். வீட்டில் பிள்ளைகள் சத்தம். அது எனக்குத் தெரியும். அவன் வண்டியும் கொட்டகை வாசலில் நின்றது. கூரை தென்னங்கீற்று. செடி சுவரை ஒட்டியே காய்ந்து நின்றது.

கதவுக்கு வெளியே கொண்டி போட்டது யார் என்று கேட்டீர்கள். நான்தான். புகை உள்ளே போகக் கூடாதே என்று போட்டேன்.

தட்டினான். கதவிடுக்கில் என்னைப் பார்த்திருப்பான் போல, "மாமா, மாமா" என்று கூப்பிட்டான். நன்றாகவே கேட்டது. ஆனால் தீ வைத்தவன் அது அணையும்வரை வரப்பைவிட்டு நகரக் கூடாது, ஐயா. சங்கத்தில் எல்லோரும் சேர்ந்து போட்ட கட்டுப்பாடு அது. ஒருவனாவது சொன்ன சொல்லில் நிற்க வேண்டாமா?