வாசிக்காத இடத்தில் அதிர்ந்த கம்பி

சூரியநெல்லிக்கு ஏறும் ஜீப்பில் எனக்கு எதிரே இரண்டு இளைஞர்கள் இருந்தார்கள். மாலைப் பனி இறங்கியிருந்தது. கிட்டார் பையோடு இருந்தவன் வீட்டில் கிட்டாரை யுஎஸ்பி வழியாகக் கணினியில் இணைத்து, வெறும் கம்பி ஒலியை மட்டும் பதிந்து அனுப்புவான். தாடிக்கார நண்பன் அதைத் தன் ஆம்ப் என்ற ஒலிபெருக்கியில் ஓட்டி உறுமவிடுவான். பேச்சிலிருந்து இவ்வளவும் புரிந்தது.

“மாப்ள, போன தடவ அனுப்புனதுல நீ வாசிக்காம விட்ட எடத்துலயும் கம்பி அதிருதுடா,” என்றான் தாடிக்காரன்.

“அப்ப கிட்டாரை அடுப்படிச் சுவத்துல சாச்சு வச்சிருந்தேன். ஹெட்போன்ல ஒண்ணும் கேக்கலையே.”

“ஆம்ப்ல கெயினை ஏத்துனா அந்தச் சின்ன அதிர்வும் பெருசாகி திம்மு திம்முன்னு கேக்குது.”

“மைக்கே கெடையாது. வெளிச்சத்தம் எப்படி ஏறும்?”

“சத்தம் ஏறலடா. சுவரு ஆடிருக்கு. அதுல கம்பி ஆடிருக்கு.”

கிட்டார்க்காரன் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

“மறுநா விடியக்காலம் அடுப்படிக்குப் பின்னாடி பாதி வாழை சாஞ்சு கெடந்துச்சு. ஆனை ராத்திரி வந்துச்சுன்னுல்ல நெனச்சோம்.”

“நீ பதிஞ்சது எப்ப?”

“சாயங்காலம். இந்நேரந்தான். மிச்ச வாழைக்கு இன்னிக்கும் வந்துருச்சுன்னா?”

உடனே அம்மாவுக்குப் போன் போட்டான். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.

“கட் பண்ணுடா!” என்று தாடிக்காரன் கத்தினான். “சிக்னலுக்காக அம்மா போனை அந்த வாழைக்கிட்டதான தொங்கவிட்டிருக்கீங்க? எடுக்க வெளிய வருவாங்கடா!”

அதற்குள் போனில் ஒரு பெண்குரல் கேட்டது.

“சொல்லுப்பா.”