ஆளில்லாத வீட்டுக்குக் காவல்

எதிர்வீட்டு அக்கா: பூட்டு இருக்கு. நேத்தும் இருந்துச்சு, முந்தாநேத்தும் இருந்துச்சு. அது எங்க போகப்போகுது?

ஊருக்குப் போனவள்: இழுத்துப் பாத்தீங்களாக்கா?

அக்கா: கை வலிக்கற அளவுக்கு இழுத்துப் பாத்தேன். டூர் போனவ மாதிரியா பேசறே? பிள்ளைங்களோட படகுல போறதை விட்டுட்டு, காலையிலேருந்து இது நாலாவது போன்.

போனவள்: இல்லக்கா... ஆள் இல்லாத வீடா பாத்து நுழையறாங்கன்னு பேப்பர்ல போட்டிருந்துச்சு...

அக்கா: அதுக்குத்தான் அன்னிக்கே சொன்னேன். சாவியைக் குடு, பொழுது சாய்ஞ்சதும் ஹால் லைட்டைப் போட்டு வெக்கறேன்னு. நீ கேட்டியா? லைட்டே வேண்டாம்னே.

போனவள்: கரண்ட் எதுக்கு வீணா...

அக்கா: வாசல்ல செருப்பு கிடக்கக்கூடாது, கொடியில துணி தொங்கக்கூடாது. ஊர்ல எல்லாரும் காலி வீட்டை ஆள் இருக்கற மாதிரி காட்டுவாங்க. காலி வீட்டை இன்னும் காலியா காட்டச் சொன்னவ நீ ஒருத்திதான்.

போனவள்: அக்கா... உள்ளேருந்து ஏதாவது சத்தம் கேட்டுச்சா?

அக்கா: என்ன சத்தம்?

போனவள்: சும்மா... பாத்திரம் உருளற மாதிரி... ஃபேன் சுத்தற மாதிரி...

அக்கா: பூட்டின வீட்டுல ஃபேன் எதுக்குடி சுத்தும்?

போனவள்: அணைச்சேனான்னு ஒரு சந்தேகம்.

அக்கா: ஒண்ணும் கேக்கல. ஈ பறந்தாக்கூட காதுல விழும், அப்படி ஒரு அமைதி.

போனவள்: நேத்து சாயங்காலம்?

அக்கா: நேத்தும் அதேதான். சத்தம் இல்லன்னா சந்தோஷப்படணும். நீ என்ன மூக்கை உறிஞ்சறே?

போனவள்: சளிக்கா. இங்க குளிரு. பக்கத்துச் சந்துல எங்க பாத்ரூம் தண்ணி வெளிய வருமே, அந்தக் குழாய்... ஈரமா இருக்கா?

அக்கா: காஞ்சு கிடக்கு. மூணு நாளா ஒரு சொட்டு கிடையாது.

போனவள்: மூணு நாளாவா?

அக்கா: நல்லதுதானே. குழாயை எல்லாம் ஒழுங்கா மூடிட்டுப் போயிருக்கே.

போனவள்: நல்லதுதான்... ம்... நல்லதுதான்க்கா.

அக்கா: தெருவுலதான் பேச்சு ஓயல. தையல்காரர் கேக்கறார், பத்து நாள் லீவு குடுக்கற ஆபீஸ் எங்க இருக்கு, எனக்கும் அங்க ஒரு மெஷின் போடுவாங்களான்னு. மாடி வீட்டு அம்மா அதுக்கும் மேல. நீங்க கிளம்பின வண்டியில மூணு தலைதான் இருந்துச்சாம். நாலாவது தலை எங்கேன்னு எங்கிட்ட விசாரணை.

போனவள்: நீங்க... என்ன சொன்னீங்க?

அக்கா: குனிஞ்சு ஷூ லேஸ் கட்டிட்டிருந்திருப்பார்னேன். சரிதானே? வேணும்னா உன் வீட்டுக்காரர்கிட்ட போனைக் குடு, அவரையே கேட்டுடறேன்.

போனவள்: அவர்... குளிக்கறார்.

அக்கா: காலையில கேட்டப்பவும் குளிச்சிட்டுத்தான் இருந்தார். தோல் ஊறிடப்போகுது பாவம்.

போனவள்: அக்கா, ஒரு உதவி. எங்க வீட்டுப் பின்பக்கம் போய்க் கதவைத் தட்டறீங்களா?

அக்கா: காலி வீட்டுக் கதவையா? தட்டினா யார் வந்து திறப்பாங்க?

போனவள்: தட்டுங்களேன். கொஞ்சம் பலமா...

அக்கா: திறக்கலைன்னா?

போனவள்: பூட்டு ரிப்பேர்காரரைக் கூட்டிட்டு வந்து உடைச்சிடுங்க.

அக்கா: நாலு தடவை போன் பண்ணி பூட்டு பத்திரமான்னு கேட்டவ, இப்ப உடைக்கச் சொல்றியா?

போனவள்: உடைங்கக்கா. உங்க கால்ல விழறேன்.

அக்கா: உள்ள என்ன இருக்குன்னு முதல்ல சொல்லு.

போனவள்: முதல்ல கதவைத் தட்டுங்கக்கா.

அக்கா: சொல்லு.

போனவள்: அவர் இருக்கார்க்கா.

அக்கா: ம்.

போனவள்: போன மாசம் ஆபீஸ்ல இனிமே வரவேண்டாம்னுட்டாங்க. பகல்ல வீட்டோட இருந்தா தெருவுல ஆளாளுக்குக் கேப்பாங்கன்னு கூனிக்குறுகிப் போயிட்டார். எங்க அம்மா வீட்டுக்கும் வரமாட்டேன்னுட்டார். அதான் டூர்னு சொல்லிட்டு, வெளிய பூட்டிட்டு, பிள்ளைங்களோட நான் மட்டும் அம்மா வீட்டுக்கு வந்துட்டேன். அவர் உள்ள உக்காந்து கம்ப்யூட்டர்ல வேலை தேடிட்டிருந்தார். நேத்து சாயங்காலத்துலேருந்து போன் போகல. முப்பது தடவை அடிச்சுட்டேன். கடைசியா பேசினப்ப, நான் இல்லன்னாலும் நீ சமாளிச்சுடுவேன்னார்... நீங்க சொல்றீங்க, தண்ணியே புழங்கலைன்னு, சத்தமே இல்லைன்னு... அக்கா? கேக்கறீங்களா?

அக்கா: கேக்கறேன். அழாதே. ஆள் நல்லா இருக்கார். காலி வீட்டுல மோட்டார் ஓடக்கூடாதுன்னு சட்டம் போட்டுட்டுப் போயிட்டே, நாலாம் நாளே டேங்க் காலி. ராத்திரி உங்க பின்கதவு வழியா வெளிய வந்து, பக்கெட்டைத் தூக்கிட்டு என் பின்வாசல்ல நின்னார், திருடனாட்டம். அன்னிலேருந்து குளியல், சாப்பாடு, தூக்கம் எல்லாம் இங்கதான். உங்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார், நீ திட்டுவியாம். நேத்து போனைத் தண்ணியில போட்டுட்டார், அது ரிப்பேர் கடையில இருக்கு. என் போன்லேருந்து பேசுங்கன்னேன், குட்டு உடைஞ்சுடும்னு தொடவே இல்ல. எனக்கும் கோபம்தான். பன்னெண்டு வருஷமா எதிர்ல இருக்கறவகிட்ட இதைப் போய் மறைச்சுட்டாளே, அவளா வாயைத் திறக்கட்டும்னு இருந்துட்டேன். தப்புதான், விடு. இப்ப கொஞ்சம் மெதுவா பேசு. என் வீட்டுக்காரர் சட்டையைப் போட்டுக்கிட்டு உள் ரூம்ல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கார். வேலைக்கு இன்டர்வியூவாம், யாரோ மூணு பேர் மாத்தி மாத்திக் கேள்வி கேக்கறாங்க. ஒரு காதைக் கதவுல வெச்சுக்கிட்டுத்தான் உங்கூடப் பேசறேன்... இதுவரைக்கும் எங்கயும் தடுமாறல.