எழுபதாவது எழுத்து

எங்கள் அலுவலகத்தில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக் வெட்ட என்னைத்தான் கூப்பிடுவார்கள். பிறந்தநாள்காரர் பெயருக்கு ஒரு கீறல் போட்டுவிட்டுக் கத்தியை என்னிடம் கொடுத்துவிடுவார். பதினேழு பேருக்குப் பதினேழு துண்டு, ஒன்றுக்கொன்று நூலிழை வித்தியாசம் இருக்காது. பெருமைக்காகச் சொல்லவில்லை. நீங்கள் விசாரிக்க வந்திருப்பதும் வெட்டிய விவகாரம்தானே, என் கை எப்படிப்பட்டது என்று தெரிந்தால் எழுதிக்கொள்ள உங்களுக்கு வசதியாக இருக்கும்.

எங்களுடையது சரக்குக் கப்பல் நிறுவனம். கடலில் இருப்பவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் இடையே செய்தி கொண்டுபோக ஒரு சேவை வைத்திருக்கிறோம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் உள்ளங்கை அளவில் ஒரு கருவி கொடுப்போம். அதிலிருந்து கப்பலுக்கு எழுதலாம், எங்கள் உதவி மேசைக்கு எழுதலாம், வேறு எதுவும் செய்ய முடியாது. பழைய கப்பல்களில் பேசும் வசதி கிடையாது. செயற்கைக்கோள் இணைப்பு ஒரு நாளைக்கு இரண்டு முறை திறக்கும். அதுவரை செய்திகள் எங்கள் கணினியில் வரிசையில் காத்திருக்கும்.

கரையில் எழுத்துக்கு ஒரு குறியீட்டு முறை, கப்பலில் இருக்கும் பழைய இயந்திரத்துக்கு வேறொரு முறை. இதை அதுவாக மாற்றி அனுப்பும் நிரல் தொகுப்பு என் பொறுப்பு. லைப்ரரி என்று சொல்வோம். ஒரு தவணையில் எழுபது இடம்தான் போகும். நாம் 'கி' என்றால் ஒரு எழுத்து என்போம். இயந்திரத்துக்கு அது இரண்டு: க ஓர் இடம், மேலே இருக்கும் சுழி ஓர் இடம். மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளிகூட ஓசியில் ஏறாது. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் விடும் இடைவெளிக்கும் ஓர் இடம் போய்விடும். அதனால் தமிழில் எழுதினால் எழுபது இடம் கண் மூடித் திறப்பதற்குள் நிரம்பிவிடும். மிச்சத்தை அடுத்த தவணையில் அனுப்பி, அங்கே ஒட்டவைக்க வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன் அந்த ஒட்டும் வேலை ஒருநாள் கோளாறானது. ஒரு கப்பலின் சமையல்காரருக்கு வீட்டிலிருந்து வந்த செய்தியின் கடைசி வாக்கியம்: "நான் எதிர்வீட்டுக்காரரோட ஓடிப்போயிடுவேன்." அவ்வளவுதான். மனிதர் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டு உள்ளே தாழ் போட்டுவிட்டார். இருபத்திரண்டு பேர் இரண்டு நாள் பிஸ்கட் தின்றார்கள். அந்த அம்மா எழுதியது, "ஓடிப்போயிடுவேன்னு நீங்க ஒண்ணும் பயப்பட வேணாம்" என்று. வால் வெட்டுப்பட்டிருந்தது.

நான் ஒரே மதியத்தில் அதைச் சரிசெய்தேன். மேலாளர் கைகுலுக்கினார். ஆனால் அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது. நம் மொழியில் ஒருவர் கடைசி வரை சொல்லி முடித்தால்தான் ஆமாவா, இல்லையா என்பது தெரியும். முக்கால்வாசி வரை எல்லோரும் சம்மதம் சொல்வது போலத்தான் பேசுகிறார்கள்.

இனி என் தங்கை விஷயம். என்னைவிட நான்கு வயது சின்னவள். அவள் கணவர் எங்கள் கப்பல் ஒன்றில் இரண்டாம் இன்ஜினியர். வருடத்தில் எட்டு மாதம் கடலில் இருப்பார். அவர்கள் வீடு என் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி, இரண்டாம் மாடி. நான் தனி ஆள். இரண்டு அறை. பின்னறையில் ஐயாயிரம் துண்டு ஜிக்சா புதிர் ஒன்றைத் தரையில் பரப்பி வைத்திருக்கிறேன். பனிமலை, பாதிக்கு மேல் வெள்ளை. ஒன்றரை வருட வேலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அண்ணா, நான் இங்க வந்துடலாம்னு இருக்கேன். பின்னறை போதும் எனக்கு."

"மாப்பிள்ளை என்ன பண்ணார்? அடிச்சாரா?"

"அடிக்கல. போன தடவை லீவுல வந்தப்ப வாசல்ல குறுக்க நின்னுக்கிட்டார். அஞ்சு நாள் என்னைக் கீழயே இறங்க விடல. கேட்டா சிரிக்கிறார்."

"நிக்கறதெல்லாம் ஒரு குத்தமா?"

"அண்ணா, அவர் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டாலே நான் பாத்ரூமுக்குள்ள போய்த் தாழ் போட்டுக்கறேன். அடுத்த மாசம் வரார். அதுக்குள்ள நான் கிளம்பிடணும். கிளம்பறேன்னு எழுதிட்டுத்தான் கிளம்புவேன். திருட்டுத்தனமா ஓடினா நான்தான் தப்புன்னு ஆயிடும்."

சரி என்றேன். அவள் போன பிறகு பின்னறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். கட்டில் போட வேண்டுமென்றால் மலையைக் கலைக்க வேண்டும். வேறு வழியே இல்லை. டேப் வைத்து அளந்தும் பார்த்தேன்.

நான் எதற்கும் அவசரப்படுகிறவன் இல்லை. ஒரு குடும்பம் உடைவதைப் பற்றி ஒரு மூத்தவன் என்ன யோசிப்பானோ அதைத்தான் யோசித்தேன்.

திங்கட்கிழமை காலை அவள் செய்தி வரிசையில் வந்து நின்றது: "அடுத்த மாசம் நீங்க வர்றப்ப நான் வீட்டுலயே உங்களுக்காகக் காத்திருப்பேன்னு நினைக்காதீங்க. நான் அண்ணன் வீட்டுக்குப் போறேன். இனி திரும்பி வரமாட்டேன்."

எண்ணிப் பார்த்தேன். பழக்கதோஷம். 'காத்திருப்பேன்' வரைக்கும் சரியாக எழுபது.

நம்பிக்கை இல்லையென்றால் நீங்களே விரல்விட்டு எண்ணலாம். தங்கை பள்ளிக்கூடத்தில் தமிழில் முதல் மாணவி. பேச்சுத்தமிழில் எழுதினாலும் ஒற்றெழுத்தை விடமாட்டாள். 'உங்களுக்காகக்' என்று போட்டாளே, அந்தக் க் இரண்டு இடம். அதை அவள் விட்டிருந்தால் அறுபத்தெட்டாகி, பின்னால் வரும் 'னு'வும் உள்ளே ஏறியிருக்கும், மாப்பிள்ளைக்குச் சந்தேகம் வந்திருக்கும். எல்லாவற்றையும் நான்தான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளும்போது இதையும் கொஞ்சம் கவனத்தில் வையுங்கள்.

நான் செய்தது இவ்வளவுதான். பழைய கோளாறை அதன் இடத்தில் திருப்பி வைத்தேன், தங்கை, மாப்பிள்ளை என்று இரண்டே எண்களுக்கு மட்டும். சோதனைப் பட்டியல் என்று அதற்குப் பெயர் கொடுத்தேன்.

மாப்பிள்ளையின் பதில் மறுநாள் வந்தது: "உன் மெசேஜ் பார்த்தேன். நடந்ததுக்கெல்லாம் என்னை மன்னிச்சிடுன்னு நான் கேப்பேன்னு மட்டும் கனவு காணாத. தப்பெல்லாம் உன்னோடது." எழுபது என்பது மேல்வரம்பு. அதற்குக் குறைவாக வெட்டக்கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. 'மன்னிச்சிடு' வரைக்கும் விட்டேன்.

அன்று சாயங்காலமே தங்கை ஓடிவந்தாள். கருவியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். கண் கலங்கியிருந்தது.

"அண்ணா, மன்னிப்பு கேட்டிருக்கார். ஆறு வருஷத்துல முதல் தடவை."

"நல்லதுதானே."

"என்ன பண்றது? ஒரே ஒரு தடவை நம்பிப் பாக்கட்டுமா?"

"உன் வாழ்க்கை. நீதான் முடிவெடுக்கணும்" என்றேன். யாருடைய முடிவிலும் நான் மூக்கை நுழைப்பதில்லை.

அடுத்த சில வாரம் அவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டது போல அதற்கு முன் எழுதிக்கொண்டதே இல்லை. அவர், "நீ கேக்கறதெல்லாம் செய்வேன்னு நினைப்பா" என்று எழுதுவார். அவளுக்கு, "நீ கேக்கறதெல்லாம் செய்வேன்" என்று போகும். ஒவ்வொன்றையும் கையால் வெட்டுவது சிரமமாக இருந்ததால் ஒரு சின்ன நிரல் எழுதினேன். 'னு' வரும் இடத்தைத் தேடிப்பிடித்து அங்கே நிறுத்தும். எங்கே 'ன்' ஒட்டியிருக்க வேண்டும், எங்கே அதையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். பதினான்கு வரி. நேர்த்தியாக வந்திருந்தது. நீங்கள் கைப்பற்றிய பிரதியில் பார்த்திருப்பீர்கள்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஓர் எழுத்தைக்கூட நான் சேர்க்கவில்லை. அவர்கள் சொல்லாத எதையும் அவர்கள் கேட்கவில்லை.

தங்கை ஜன்னல்களுக்குப் புதுத் திரைச்சீலை தைக்கக் கொடுத்தாள். எதிர்வீட்டுத் தையல்காரம்மா, "என்னம்மா, புதுப்பொண்ணு மாதிரி இருக்க?" என்று கேட்டாராம். அதை என்னிடம் சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அந்த ஒரு மாதம் அவள் சந்தோஷமாக இருந்தாள் என்பதை யாராலும் மறுக்க முடியாது. பனிமலையில் நானும் வலது பக்கச் சரிவை முடித்திருந்தேன்.

மாப்பிள்ளை வந்து இறங்கினார். அன்று மாலை இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து, பழைய செய்திகளை ஒன்றொன்றாகப் படித்துப் பார்த்திருக்கிறார்கள். அது தங்கையின் யோசனை. ஆசையாகக் கேட்டாளாம். அவள் அனுப்பியது அவள் கருவியில் முழுசாக இருக்கும், அவருக்குப் போனது, கப்பல் இயந்திரத்திலிருந்து அவர் தன் போனில் இறக்கிக்கொண்டதில், பாதியாக இருக்கும் என்பதை நான் யோசிக்காமல் விட்டது உண்மை. என் வேலையில் நீங்கள் குறை சொல்லலாம் என்றால் இந்த ஓர் இடத்தில் சொல்லலாம்.

'இனி திரும்பி வரமாட்டேன்' என்பதை அவர் அப்போதுதான் முதல்முறையாகப் படித்தார். கோளாறு இயந்திரத்தில் என்று அவருக்குத் தோன்றவில்லை. தன்னை வைத்து விளையாடியிருக்கிறாள் என்றுதான் தோன்றியது.

மூன்று நாளாகத் தங்கை போனை எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை கதவைப் பாதி திறந்தார்.

"வாங்க மச்சான். அவளுக்கு உடம்பு சரியில்ல, தூங்கறா. எழுந்ததும் பேசச் சொல்றேன்."

உள்ளே ஏதோ கீழே விழும் சத்தம் கேட்டது. கணவன் மனைவி வீட்டுக்குள் ஆயிரம் இருக்கும். வந்துவிட்டேன்.

அதற்கு மறுநாள் காலை பத்தே முக்காலுக்கு உதவி மேசை அக்கா என் இடத்துக்கு வந்தார். நல்ல மனசுக்காரர்.

"உங்க தங்கச்சிகிட்டேருந்து மெசேஜ் வந்துச்சு தம்பி. நல்லா இருக்காங்களாம்."

"சந்தோஷம்க்கா" என்றேன்.

அவர் போன பிறகு பதிவேட்டைத் திறந்தேன். உள்ளே வந்த செய்தி வெட்டுப்படுவதற்கு முன் அதில் முழுசாகப் பதிவாகியிருக்கும். தங்கை எழுதியது: "நான் நல்லா இருக்கேன்னு அவர் சொன்னா நம்பாதீங்க. என் போனைப் பிடுங்கிட்டார். வெளியே பூட்டிட்டுப் போறார். எங்க அண்ணன் உங்க ஆபீஸ்லதான் வேலை பாக்கறார். அவர்கிட்ட சொல்லுங்க, உடனே வந்துடுவார்."

மேசைக்குப் போய்ச் சேர்ந்தது, "நான் நல்லா இருக்கேன்."

மேசைக்கு வருவதும் என் லைப்ரரி வழியாகத்தான் வரும், சோதனைப் பட்டியலில் அவள் எண் இன்னும் இருந்தது. அதை எடுக்க மறந்துவிட்டேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். மறந்தது உண்மைதான். ஆனால் பத்தே முக்காலுக்கு நினைவு வந்தது. அந்தச் செய்தியை நான் இரண்டு முறை படித்தேன். முதல் முறை விஷயத்துக்காக. இரண்டாவது முறை, 'ன்' சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதற்காக. ஒட்டியிருந்தது.

வெளியில் சொன்னால் பதிவேட்டைத் திறந்து காட்ட வேண்டும். திறந்தால் பட்டியல் தெரியும். பட்டியல் தெரிந்தால் பன்னிரண்டு வருட நற்பெயர் என்ன ஆவது? இதையெல்லாம் ஒருவன் நிதானமாக யோசித்துத்தான் செய்ய வேண்டும். நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இடையில் உதவி மேசை அக்கா அவளுக்குப் பதில் அனுப்பிவிட்டார்: "மிக்க மகிழ்ச்சி. நலமாக இருங்கள்." துணி அலமாரிக்குள் ஒளித்து வைத்திருந்த கருவி, பதில் வந்ததும் கீச்சென்று கத்தியிருக்கிறது. மாப்பிள்ளை அப்போது வீட்டில் இருந்தார். அதன்பிறகு கருவியும் அவளிடம் இல்லை.

ஒன்பது நாள் ஆயிற்று. பத்தாம் நாள் காலையில் தங்கை புதுத் திரைச்சீலைகளை முடிச்சுப் போட்டு ஜன்னல் வழியாக இறங்கப் பார்த்தாள். முதல் மாடி வரைக்கும் தாங்கியிருக்கிறது. தையல்காரம்மாதான் ஓடிவந்து தூக்கியிருக்கிறார், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறார், போலீஸுக்கும் சொல்லியிருக்கிறார். இடது கால் இரண்டு இடத்தில் முறிவு. மாப்பிள்ளை இப்போது காவலில் இருக்கிறார். உதவி மேசை அக்கா ஆஸ்பத்திரிக்குப் போய்க் கருவியையும் தன்னிடம் வந்த செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். அங்கிருந்துதான் நேராக உங்களிடம் வந்தாராம்.

ஆகவே, ஆமாம். வெட்டியது நான். தெரிந்தே வெட்டினேன். ஒன்பது நாளும் தெரிந்தே இருந்தேன். எந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

ஆனால் எங்களுக்குள் பகை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நேற்று மதியம் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். தையல்காரம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார், என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுகொண்டார். தங்கை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நீ எனக்கு அண்ணன்" என்றாள்.

அதற்கு மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். எனக்கு அது போதுமாக இருந்தது, வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டேன்.