தேசாதிபதி முடி கழற்றியது

என் பெயர் அந்தோனிப்பிள்ளை கஸ்பர். வயது அறுபத்தெட்டு. கனடாவில், அஜின்கோர்ட்டில் மகள் வீட்டு பேஸ்மென்ற்றில் இருக்கிறேன். கூத்துப் பழக்கும் அண்ணாவியார். யாரும் கூப்பிடாமல் நானாகத்தான் இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன். நான் தமிழில் சொல்வதை மொழிபெயர்ப்பாளர் அனோஜா எழுதுகிறார்.

காலஞ்சென்ற அன்புராசாவை மேடையில் வைத்துத் தவமலர் என்ற பெண் தள்ளி விழுத்தினார் என்று அன்புராசாவின் மகன் மிதுனன் முறைப்பாடு கொடுத்திருக்கிறார். கைபேசியில் எடுத்த வீடியோவை நானும் பார்த்தேன். தவமலரின் இரண்டு கைகளும் நீண்டிருக்க அன்புராசா பின்பக்கமாக விழுகிறார். அதைப் பார்க்கிற எவனும் தள்ளியது என்றுதான் சொல்வான். அவர் தள்ளவில்லை.

2024 ஒக்டோபர் 19, சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு வெக்ஸ்போர்ட்டில் ஒரு கோயில் மண்டபத்தில் எங்கள் கூத்து நடந்தது. மெக்சிக்கோவுக்கு வடக்கே எல்லைப்புறத்தை ஆண்ட ஒரு ஸ்பானிய தேசாதிபதியின் கதை. எழுதியது நான். அவர் முப்பது வயதில் எல்லைக்கு வருகிறார், ஆளும் மருந்தும் கேட்டு ராசாவுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதுகிறார், பதில் இல்லை, மனைவியைக் காய்ச்சல் கொண்டுபோகிறது, தூரத்துக் குடியிருப்பு ஒன்று எரிந்து அழிகிறது. பதவி முடிந்ததும் புதிய தேசாதிபதி வந்து அமர, சனங்கள் பழையவர் மேல் குறை சொல்லலாம். அதைக் கேட்டு முடிக்காமல் அவர் ஊர் திரும்ப முடியாது. அது அந்த நாட்டுச் சட்டம்.

அன்புராசாதான் தேசாதிபதி. ஸ்பானியன் தொப்பி போட்டானோ என்னவோ, எங்களிடம் இருந்தது ராச முடி, அதையே கட்டினோம். முடி கட்டினவர் மங்களம் பாடும்வரை அதைக் கழற்றக் கூடாது, சொந்தக் கதை பேசக் கூடாது என்பது எங்கள் ஊர்க் கட்டு.

குறை சொல்ல மூன்று நடிகர்களைப் பழக்கியிருந்தேன். மூன்றாவது குறை, அழிந்த குடியிருப்புக்கு ஏன் முன்கூட்டி ஆள் அனுப்பவில்லை என்பது. தேசாதிபதி கெட்டிக்காரத்தனமாகப் பாடித் தப்புவார். அந்தப் பாட்டை யாருக்காக எழுதினேன் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பாட்டு முடிந்த பிறகு, ஒஷாவாவிலிருந்து கூத்துப் பார்க்க வந்திருந்த தவமலர் மேடையில் ஏறினார். "ஐயா, நான் தியாகலிங்கத்தின்ர மகள். நீங்கள்தானே அப்ப எங்கட ஊர் விதானை? நாங்களும் எல்லையிலதான் இருந்தனாங்கள். எங்களுக்கு ஏன் ஒரு சொல்லு அனுப்பேல்லை?" என்று கேட்டார். சனம் அதையும் கூத்தென்று நினைத்துக் கை தட்டியது. நான் தாளத்தை நிறுத்தியிருக்க வேண்டும். மடையன், நிறுத்தவில்லை. போட்டுக்கொண்டே இருந்தேன்.

அன்புராசா பாடவில்லை. முடியைக் கழற்றித் தவமலரின் காலடியில் வைத்தார். வீடியோவில் முன்னால் நின்றவர்களின் தலை மறைப்பதால் அது தெரியாது. "ஓம் பிள்ளை, அது என்ர பிழைதான்" என்றார். என் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. அதன் பிறகு கும்பிட்டபடி இரண்டு அடி பின்னுக்கு வைத்தார். மேடை விளிம்பில் கால் தவறியது. தவமலர் அவரைப் பிடிக்கத்தான் கை நீட்டினார், எட்டவில்லை. மூன்றாம் நாள் அன்புராசா ஆஸ்பத்திரியில் இறந்தார்.

பழைய பகையில் தள்ளினார் என்று பொலிசார் சொல்கிறார்கள். அந்தப் பகை அன்புராசாவுக்குச் சேர வேண்டியதல்ல.

1990இல், சண்டைக் காலத்தில், அன்புராசா எங்கள் ஊரில் விதானை, அதாவது கிராம சேவகர். நான் அவருக்கு உதவியாள். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், "விடிய ஆமி வரப்போகுது, எல்லைச் சனத்தை இண்டைக்கே வெளிக்கிடச் சொல்லு" என்று என்னை அனுப்பினார். நாலு மைல். சைக்கிளில் பாலம்வரை போனேன். வெடிச்சத்தம் கேட்டது. எனக்குப் பயம் வந்துவிட்டது. பற்றைக்குள் பொழுதுபடும்வரை படுத்திருந்துவிட்டுத் திரும்பி வந்து, "எல்லாருக்கும் சொல்லிப்போட்டன் அண்ணை" என்றேன். அடுத்த நாள் காலையில் அங்கே ஷெல் விழுந்தது.

கனடாவுக்கு வந்த பிறகு அன்புராசாவிடம் உண்மையைச் சொல்லி அழுதேன். அவர், "அனுப்பினவன் நான். நீ சேர்ந்தியோ எண்டு பாத்திருக்க வேணும்" என்றார். அதன் பிறகு சாகும்வரை அந்தக் கதையை எடுக்கவில்லை. என்னைக் காட்டிக் கொடுக்க அன்று மேடையில் ஒரு விரல் போதும். அந்த மனிசன் அதைச் செய்யவில்லை. வெட்கம் கெட்ட நான் அவருடைய சவப்பெட்டியையும் தூக்கினேன்.

மிதுனனுக்கும் தவமலருக்கும் இன்னும் இதைச் சொல்லவில்லை. இங்கிருந்து அவர்களிடம்தான் போகப் போகிறேன்.

எழுதியதை அனோஜா எனக்கு வாசித்துக் காட்டினார். ஷெல் விழுந்ததில் எத்தனை பேர் செத்தார்கள் என்று நான் சொல்லவில்லையே என்று கேட்டார். தவமலர் வீட்டில் இரண்டு பேர் என்றேன். இரண்டு பேர் என்று எழுதினார். அதை வெட்டிவிட்டுப் பெயரைப் போடச் சொன்னேன். தகப்பன் தியாகலிங்கம். தம்பி கிருபன், வயது ஒன்பது. அன்றைக்கு நான் அவர்கள் வீட்டுப் படலையில் நின்று கூப்பிட்டிருக்க வேண்டிய பெயர்கள்.

இதில் உள்ளது முழுவதும் நான் கண்டதும் செய்ததும் செய்யாமல் விட்டதும். எவருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொல்லிக் கையெழுத்து வைக்கிறேன்.

(ஒப்பம்) அ. கஸ்பர்