பதினாலு ஜோடிக் கால்கள்

தலைமையாசிரியை: ...அப்ப முன்வரிசையில ஏழு பேர், பின்வரிசையில ஏழு பேர். சரியா வருமா டீச்சர்?

நடன டீச்சர்: வரும் மேடம்... வெள்ளிக்கிழமையேவா?

தலைமையாசிரியை: கல்வி அதிகாரி அன்னைக்குத்தானே வர்றார். நம்ம ஆண்டு மலரைப் பிரிச்சுப் பாத்தாராம். "எம் பள்ளியில் முன்னோரின் நடனம் பதினான்கு ஜோடிக் கால்களில் உயிர் வாழ்கிறது." அந்த வரியில நின்னுட்டாராம்.

நடன டீச்சர்: நல்ல வரி மேடம்.

தலைமையாசிரியை: நான் எழுதினதாச்சே. அதான் நேர்லயே பாக்கணும்னு கேக்கறார்.

நடன டீச்சர்: அது வந்து... நெட்டைப் பொண்ணுக்குக் கால் சுளுக்கு.

தலைமையாசிரியை: சரி, பதிமூணு.

நடன டீச்சர்: இரட்டைப் பிள்ளைங்களுக்கு ஜுரம்.

தலைமையாசிரியை: ரெண்டுக்கும் ஒரே ஜுரமா?

நடன டீச்சர்: ஒண்ணுக்கு வந்தா இன்னொண்ணு விட்டுக்கொடுக்காது மேடம்.

தலைமையாசிரியை: பதினொண்ணு. அப்புறம்?

நடன டீச்சர்: நாலு பேருக்கு டியூஷன்...

தலைமையாசிரியை: சொல்லுங்க, சொல்லுங்க. நான் கழிச்சுக்கிட்டே வர்றேன்.

நடன டீச்சர்: வருகைப் பதிவேட்டுல எல்லாம் சரியா...

தலைமையாசிரியை: ரொம்பச் சரி. ஒரு பிள்ளைகூட ஒரு நாள் லீவு போடல. மழை கொட்டி ஸ்கூலுக்கே லீவு விட்ட அன்னைக்கும் பதினாலு பேரும் வந்திருக்காங்க.

நடன டீச்சர்: ...அன்னைக்கு லீவா?

தலைமையாசிரியை: நீங்க வந்தீங்களே.

நடன டீச்சர்: உங்க அறை வரைக்கும் கேக்குதா மேடம்?

தலைமையாசிரியை: தாளக்கட்டை தட்டுற சத்தம் கேக்கும். அது நின்னப்புறம் கால் சத்தம் கேக்கும். ரெண்டும் சேந்து கேட்டு ஆறு மாசமாச்சு. தட்டுறதும் ஆடுறதும் ஒரே ஆளா இருந்தா வேற எப்படிக் கேக்கும்?

நடன டீச்சர்: ...கடைசி வரைக்கும் நின்னது எங்க அக்கா பொண்ணுதான். அவளும் நீச்சலுக்குப் போயிட்டா. "தனியா ஆட வெக்கமா இருக்கு சித்தி"ன்னா.

தலைமையாசிரியை: உங்களுக்கு இல்லையா?

நடன டீச்சர்: பேர் கூப்பிடும்போது மட்டும். பதினாலு பேரையும் கூப்பிட்டு, நானே "உள்ளேன்" சொல்லி... அப்புறம் பழகிடுச்சு.

தலைமையாசிரியை: ம்.

நடன டீச்சர்: வகுப்ப மூடிடுவீங்களா மேடம்?

தலைமையாசிரியை: பதினாலு பேருக்கும் அம்மை போட்டிருக்குன்னு அதிகாரிக்குக் காலையிலயே எழுதிட்டேன். தொத்து வியாதின்னா அவர் இந்தத் தெருப்பக்கமே வரமாட்டார்.

நடன டீச்சர்: எழுதியாச்சா? அப்புறம் ஏன் முன்வரிசை, பின்வரிசைன்னு என்னைப் போட்டு...

தலைமையாசிரியை: கொஞ்ச நேரம் பேசிக்கிட்டிருக்கலாமேன்னுதான்.

நடன டீச்சர்: ஆறு மாசமாத் தெரிஞ்சிருக்கு. ஒரு வார்த்தை கேக்கலியே மேடம்...

தலைமையாசிரியை: கேட்டா மூடணும். மூடிட்டா, நாலு மணிக்கு மேல ஃபைல் பாக்குற மாதிரி நான் எதுக்காக உக்காந்திருக்கிறது? வீட்டுக்குப் போனா அங்க கேக்குறது என் கால் சத்தம் ஒண்ணுதான்.