வெளியேற்றுக் குழாயில் ஒரு தம்ளர்

சாய ஆலையின் கழிவுநீரைப் பதினொரு வருஷம் குடித்தவன் நான். வருஷத்துக்கு ஒரு தம்ளர், தணிக்கையாளர்களின் கண்ணெதிரே. ஒரு தும்மல்கூட வந்ததில்லை. ஓய்வுபெற்றபின் இதைச் சொன்னால் என் மனைவியே நம்புவதில்லை. சற்று எழுந்து நடந்துவிட்டு எழுதுகிறேன். உட்கார்ந்தால் கால் சொன்னபடி கேட்பதில்லை.

சுற்றுச்சூழல் தணிக்கை என்பது சொல்லிவிட்டு வரும் விருந்தாளி மாதிரி. மூன்று வாரம் முன்பே கடிதம் வந்துவிடும். காலையில் கூட்டம், பிறகு கோப்புகள், பிறகு வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆலையைச் சுற்றுவது. கடைசியில் வெளியேற்றுக் குழாயில் மாதிரி நீர் பிடித்து, சீல் வைத்து, இரு தரப்பும் கையெழுத்து. வரைபடத்தில் உள்ள குழாய் இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதன் மறுமுனை எங்கே போகிறது என்று ஒருவரும் குனிந்து பார்த்ததில்லை. கால்சட்டை அழுக்காகிவிடுமே.

மறுமுனை கேன்டீன் குடிநீர்த் தொட்டியில் இருந்தது. பொருத்தியவன் நான்தான், ஆலையின் சுற்றுச்சூழல் அலுவலர்.

நிஜக் கழிவு எங்காவது போக வேண்டும் அல்லவா? பின்சுவரோரம் வற்றிப்போன ஆழ்துளைக் கிணறு ஒன்று சும்மா கிடந்தது. பூமி பெரியது, தாங்கிக்கொள்ளும் என்று நினைத்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் என் மைத்துனன் வீடு. தெருவே அவன் கிணற்றில்தான் குடித்தது. ஒரு வருஷம், தண்ணீரில் ஏதோ வாடை என்று கிணற்றுக்குப் பூட்டுப் போட்டான். கிணற்றையும் சோதிக்க வேண்டும் என்று மனு எழுதத் தொடங்கினான். சோதித்திருந்தால் ஆலையும் நானும் தொலைந்தோம். கழிவுநீரையே நான் குடிக்கிறேனே என்றேன்.

"கதை விடாதீங்க மாமா. நீங்க மட்டும் அதக் குடிச்சிட்டா என் மீசைய எடுத்துக்கிறேன்."

தணிக்கையில் அக்கம்பக்கத்தாரையும் விசாரிக்கும் வழக்கம் உண்டு. தெருவின் சார்பில் அவனையே அழைத்தேன். அவன் முன்னால் ஒரு தம்ளர் குடித்தேன். உற்சாகத்தில் இன்னொன்றும் கேட்டு வாங்கினேன். புகார் இல்லை என்று எழுதிக் கொடுத்தான். மறுநாள் மீசை இல்லை. வாக்கு சுத்தமானவன்.

கிணற்றின் பூட்டும் இல்லை.

இரண்டு வருஷத்தில் பதினான்கு பேருக்குச் சிறுநீரகம் கெட்டது. ஒருத்திதான் பிழைக்கவில்லை, அவன் மகள். நான் யாரையும் குடிக்கச் சொல்லவில்லை, குடித்தது நான்.

விசாரணையில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். குழாய், ஆழ்துளைக் கிணறு, பொய்க் கையெழுத்துகள், எல்லாம். அதிகாரி அம்மா தலையசைத்தபடி எழுதிக்கொண்டார். தம்ளர் கதையை மட்டும் நம்பவில்லை. அளக்காதீர்கள் என்றார். அதுதான் என்னைச் சுட்டது. வெளியே பெஞ்சில் இருக்கிறானே, அவனைக் கேளுங்கள் என்றேன்.

மைத்துனன் வந்தான். என்னைப் பார்க்கவில்லை. இல்லை என்று சொல்லிவிடுவானோ என்ற தவிப்பில் அறையைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்தேன்.

"குடிச்சாருங்க," என்றான். "ரெண்டு தம்ளர். நான் பாத்தேன். அன்னிக்கே வீட்டுக்குப் போய், பூட்ட உடைச்சு, மொத வாளி எம்பொண்ணுக்குத்தான் எறச்சேன்."